பாபநாசத்துக்குக் கீழே பெய்த மழையை யார் அளந்தது?

தாமிரபரணி வடிநிலத்தைக் கவனிக்கும் நீர்வளத் துறைப் பொறியாளர்களுக்கும், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

தாமிரபரணியில் வெள்ளம் என்றதும் எல்லோர் கண்ணும் மேற்கே போகிறது. பாபநாசம் அணை எத்தனை அடி, சேர்வலாறு அணை எத்தனை அடி, மணிமுத்தாறு அணை திறந்தாச்சா? பத்திரிகையிலும் இதுதான், டீக்கடையிலும் இதுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இந்தப் பழக்கத்துக்கு ஒரே இரவில் பதில் சொல்லிவிட்டுப் போனது. அதற்குப் பிறகும் நாம் அதே மூன்று எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நான் ஒரு நீரியல் ஆய்வாளன். வெள்ளம், வறட்சி, நீர்ப்பிடிப்பு இவைதான் என் அன்றாட வேலை. யார்மீதும் பழிபோட இதை எழுதவில்லை. அணைகளுக்குக் கீழே ஓடுகிற நீரை ஒழுங்காக அளக்கத் தொடங்குங்கள், அளந்ததை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நடந்ததை நீங்கள் என்னைவிட அருகிலிருந்து பார்த்தவர்கள். ஆனாலும் எண்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், வாதம் அவற்றின் மேல்தான் நிற்கிறது. டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. வானிலைத் துறையின் வகைப்பாட்டில் ஒரு நாளில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை. அதற்கு மேலே பெயரே இல்லை. காயலில் பெய்தது அந்தக் கடைசிக் கோட்டைப் போல நாலரை மடங்குக்கும் அதிகம். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகக் கிடைப்பதே 65 சென்டிமீட்டரை ஒட்டித்தான்.

இந்த மூன்று ஊர்களும் எங்கே இருக்கின்றன? மூன்றுமே எல்லா அணைகளுக்கும் கீழே, கடலுக்குப் பக்கத்தில். ஸ்ரீவைகுண்டம் ஆற்றின் எட்டாவது, கடைசி அணைக்கட்டு. அது நீரைத் திருப்பிவிடுகிற கட்டு, தேக்கிவைக்கிற அணை இல்லை. அன்றைக்கு மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று மலையிலும் கொட்டியது, அணைகள் நிரம்பின, திறந்தீர்கள், அந்த நீரும் வந்தது. மலை நீர் ஒரு பக்கம், தரையில் விழுந்து எங்கே போவது என்று தெரியாமல் நின்ற நீர் இன்னொரு பக்கம். இரண்டும் ஆற்றின் கடைசி நாற்பது கிலோமீட்டரில் சந்தித்தன.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டரில் 60 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 6 லட்சம் கன மீட்டர் நீர், அதாவது சுமார் 21 மில்லியன் கன அடி. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி. அப்படியென்றால் 16 கிலோமீட்டர் நீளமும் 16 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு நிலத்தில் அந்த மழை விழுந்தாலே ஒரு முழு பாபநாசம் அணை தரையில் வந்து நின்ற மாதிரி. விழுந்ததெல்லாம் ஓடிவராது, கொஞ்சம் மண் குடிக்கும். திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் தேரி நிறையவே குடிக்கும். ஆனால் ஒட்டப்பிடாரம், கயத்தாறு பக்கத்துக் கரிசல் ஒருமுறை நனைந்து உப்பிவிட்டால் அப்புறம் தார்ச்சாலைதான். விழுகிற நீரெல்லாம் ஓடைக்கு வந்துவிடும். இந்த இன்னொரு பாபநாசம் அணைக்குக் கதவும் கிடையாது, கதவைத் திறக்கும் முன் தண்டோரா போட ஆளும் கிடையாது.

அந்த நீர் எந்த வழியாகப் போனது என்பதுதான் எனக்குத் தூக்கம் வராத விஷயம். தாமிரபரணிப் பாசனம் என்பது 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள், அவற்றில் கோத்த 180-க்கும் மேற்பட்ட குளங்கள். ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால், அதாவது மிச்ச நீர் வழிந்தால், அது அடுத்த குளத்துக்கு, அதுவும் நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. சாதாரண மழையில் இந்த ஏற்பாட்டைப் போல வெள்ளத்தைத் தணிக்கிற ஏற்பாடு வேறில்லை. ஒவ்வொரு குளமும் கொஞ்சம் பிடித்துவைத்து, மெதுவாக விடும். ஆனால் மேலே ஒரு குளத்தின் கரை உடைந்துவிட்டால் நிலைமை தலைகீழ். கீழ்க்குளத்துக்குத் தன் மறுகாலால் விட முடிந்ததைவிட வேகமாக நீர் வந்து சேரும், அதன் கரையும் போகும், அடுத்ததும் போகும். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தின் அடியில் ஜல்லியே இல்லாமல் போய், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் இரண்டு இரவு நின்றதே, அது ஆறு மட்டும் செய்த வேலை இல்லை. ஏரலில் உயர்மட்டப் பாலத்தின் இணைப்புச் சாலை போனபோது ஆற்றைத் திட்டினோம். அதில் குளங்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம் கையில் எண் இல்லை.

கோரம்பள்ளம் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகரைக் கால்வாயான வடகாலின் கடைசிக் குளம் என்று உங்கள் பதிவேட்டில் இருக்கும். ஆகவே அது தாமிரபரணிக் குளம். ஆனால் மழைக்காலத்தில் அதற்குள் வந்து விழுகிற நீரின் பெரும்பகுதி வடக்கே, வடமேற்கே கரிசல் காட்டில் பெய்து ஓடை ஓடையாக இறங்கி வருவது. மிச்சம் உப்பாற்று ஓடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். வடகாலின் ஷட்டரை முழுக்க அடைத்தாலும் அந்தக் கரிசல் நீரை யாரும் அடைக்க முடியாது. 2023-ல் அந்தக் குளம் உடைந்து தூத்துக்குடியின் புறநகர் மூழ்கியபோது, பாபநாசம் அணையைக் குறை சொன்ன எத்தனை பேர் கோவில்பட்டி, கயத்தாறு மழையளவைப் பார்த்தார்கள்? தண்ணீர் எந்தக் கோட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது, எந்த வட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்று பார்த்து ஓடுவதில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது, அவ்வளவுதான். நீர்ப்பிடிப்பு எல்லையை வைத்து ஒரு வரைபடமும், அந்த வரைபடத்தின் மேல் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு பட்டியலும் இருந்தால், கயத்தாற்றில் மாலை நாலு மணிக்கு ஓடை பொங்குகிற சேதி தூத்துக்குடியில் தண்ணீர் நுழையும் முன்பே வந்துவிடும்.

இதற்குப் பல கோடி ரூபாய்க் கருவி வேண்டுமே என்று நினைக்காதீர்கள். உங்களிடம் ஏற்கெனவே கருவி இருக்கிறது, ஒவ்வொரு குளத்திலும் கல்லால் கட்டி வைத்திருக்கிறார்கள். கலுங்கு, குளம் நிரம்பியதும் மிச்ச நீர் வழிகிற சுவர். ஒரு சுவரின் மேல் எவ்வளவு உயரத்துக்கு நீர் வழிகிறது என்று தெரிந்தால், எவ்வளவு நீர் போகிறது என்று கணக்கிட்டுவிடலாம் என்பது எங்கள் பாடத்தில் முதல் ஆண்டிலேயே வந்துவிடும். 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கலுங்கின் மேல் அரை மீட்டர் உயரத்துக்கு நீர் வழிந்தால் போவது விநாடிக்குச் சுமார் 640 கன அடி. அதே கலுங்கில் ஒரு மீட்டர் வழிந்தால் 1,280 என்று நினைப்போம். கிடையாது, சுமார் 1,800. உயரம் இரட்டித்தால் நீர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. குளத்தையும் மடையையும் பார்த்துக்கொள்கிற ஊழியரான லஸ்கர், இந்தக் கணக்கு தெரியாவிட்டாலும், கண்ணால் பார்த்தே இதைச் சொல்வார்: “ஒரு ஜாண் ஏறிட்டா அப்புறம் நிக்காது சார்.”

அவருக்கு வேண்டியது கலுங்கு ஓரத்தில் ஒரு நல்ல அளவுகோல், மழையில் அழியாத எண்கள், டார்ச் வெளிச்சத்தில் படிக்கிற அளவுக்குப் பெரியதாக. கூடவே ஒரு செல்போன் படம். மணிக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், கணக்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். பெரிய குளங்களில் தானியங்கி நீர்மட்டக் கருவி வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் கருவி வரும்வரை காத்திருப்போம் என்று சொல்லாதீர்கள். கலுங்கின் மேல் பலகை வைத்து மட்டத்தை உயர்த்தியிருந்தால் அதையும் எழுதிவைக்க வேண்டும். கார் நெல் பருவத்தில் இன்னும் ஒரு தண்ணீர் அதிகமாகக் கிடைக்கட்டும் என்று விவசாயிகள் வைத்த பலகை ஐப்பசியில் யாரும் எடுக்காமல் கிடந்து கரையைப் பதம் பார்ப்பதுண்டு. இதில் விவசாயியைக் குறை சொல்லி என்ன செய்ய? அவருக்குத் தெரிந்த ஆபத்து வறட்சிதான்.

ஆற்றுக்கு வருவோம். மத்திய நீர் ஆணையம் முறப்பநாட்டில் ஓட்டத்தை அளக்கிறது. நல்ல இடம், பல ஆண்டுகளாகத் தொடர்கிற பதிவு. இமயமலை நதிகளின் ஓட்ட விவரங்கள் ரகசியப் பட்டியலில் இருக்கின்றன. நம் தெற்கத்தி நதிகளுக்கு அந்தத் தடை இல்லாததால் என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தினசரி எண்கள் கிடைக்கின்றன. அதற்கு நன்றி. ஆனால் அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும். ஆற்றில் ஒவ்வொரு நாளும் வேகத்தை அளப்பது கடினம், ஆகவே நீர்மட்டத்தை அளக்கிறோம். இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று முன்பே அளந்து வரைந்த ஒரு வளைகோடு இருக்கும், மட்டத்தை அதில் வைத்து ஓட்டத்தைப் படித்துக்கொள்கிறோம். சாதாரண நாட்களில் இது நன்றாக வேலை செய்யும். பெருவெள்ளத்தில்? அந்த ஓட்டத்தில் எவனும் நீரோட்ட மானியை இறக்கி அளந்ததில்லை, இறக்கவும் முடியாது. வளைகோட்டின் மேல் முனையை நீட்டிப் போடுகிறோம், அனுமானமாக. மணல் அள்ளி ஆற்றுப்படுகை இறங்கியிருந்தாலோ, சீமைக்கருவேலம் வளர்ந்து ஓட்டத்தை மறித்திருந்தாலோ அந்த அனுமானமும் தவறும்.

கோட்டின் கீழ் முனையிலும் இதே கதைதான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட கோடையில் ஆற்றில் கணுக்கால் அளவு நீர் ஏதோ ஒரு ஓரமாக ஓடும். அளவுகோல் நடுவில் வெறும் மணலில் நிற்கும். ஓடுகிற அந்த நீரில் அணை விட்டது எவ்வளவு, ஊர்ச் சாக்கடை எவ்வளவு என்று பிரிக்கவும் ஆள் இல்லை. ஆக, ஆற்றின் நடுத்தரமான நாட்களை நன்றாக அளக்கிறோம். உயிர் போகிற நாட்களையும் தொண்டை வறள்கிற நாட்களையும் மட்டும் குத்துமதிப்பாக விட்டுவிடுகிறோம். ஸ்ரீவைகுண்டத்தில் தொழிற்சாலைகளுக்கு நீர் எடுக்கலாமா கூடாதா, கார் சாகுபடிக்குத் திறக்கலாமா கூடாதா என்று ஒவ்வொரு ஆண்டும் சண்டை வருகிறதே, அது பெரும்பாலும் இந்தக் குத்துமதிப்பின் மேல் நடக்கிற சண்டை. அந்த அணைக்கட்டில் படிந்த மண்ணைத் தூர்வாரச் சொல்லி 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. மண் எவ்வளவு படிந்திருக்கிறது என்று ஆண்டுதோறும் அளந்து வெளியிட்டிருந்தால் வழக்குக்கே வேலை இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

வெள்ளத்தையும் வறட்சியையும் இரண்டு தனித் துறை மாதிரி நடத்துவது எனக்கு எப்போதுமே வினோதமாகப் படும். 2023 வெள்ளத்தில் ஆற்றுப்படுகையின் குடிநீர் உறைகிணறுகளும் மோட்டார்களும் மூழ்கின. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. லாரியில் வந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு நாங்கள் செய்கிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் உங்கள் உதவி நேரடியாக வேண்டும். அளக்க முடியாமல் போன உச்சத்தைப் பின்னாலிருந்து கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீர் எவ்வளவு உயரம் வந்தது என்ற தடத்தை இரு கரையிலும் வரிசையாகக் குறித்துக்கொண்டு, ஆற்றின் குறுக்குவெட்டையும் சரிவையும் அளந்து, படுகையின் கரடுமுரடை மதிப்பிட்டுக் கணக்குப் போடுவோம். எல்லாம் அந்தத் தடத்தில் இருக்கிறது. வெளிச்சுவரில் உள்ள தடத்தை நான் நம்புவதில்லை, அலை அடித்து ஒரு முழம் உயரத்தில் கூடச் சேறு தெறித்திருக்கும். வீட்டுக்குள் போக வேண்டும். கதவு சாத்திய அறையில் நீர் அசையாமல் நின்றிருக்கும். அங்கே பீரோவின் பக்கவாட்டில், மாட்டிய காலண்டரில், சுவர் அலமாரியின் இரண்டாம் தட்டில் நூல் பிடித்தாற்போல ஒரு பழுப்புக் கோடு இருக்கும். அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் வைக்கோல் துணுக்கு ஒரு விரற்கடைக்கு மேல் ஏறி இறங்காது. அந்தக் கோடுதான் எங்களுக்குத் தங்கம்.

2023-ல் மழை கொட்டியது மார்கழி முதல் தேதியில். அடுத்து வந்தது தைப் பொங்கல். வீடு வீடாக வெள்ளையடித்தார்கள். அடிக்காமல் இருப்பார்களா? சேறு நாறுகிற சுவரோடு யார் பொங்கல் வைப்பார்கள்? அந்த நான்கு வாரத்துக்குள் கிராம நிர்வாக அலுவலர் மூலமாக ஒவ்வொரு ஊரிலும் பத்துத் தடங்களை, சுவரில் ஓர் ஆணி அடித்துக் குறித்துவைக்கச் சொன்னால் போதும். பிறகு நாங்கள் வந்து மட்டம் பார்த்துக்கொள்வோம். நிவாரணக் கணக்கெடுப்புக்கு எப்படியும் வீடு வீடாகப் போகிறார்கள், படிவத்தில் ஒரு வரி கூடினால் போதும்: தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடி நின்றது?

நெல்லையில் மக்கள் வைத்திருக்கும் அளவுகோல்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆற்றோரத் தைப்பூச மண்டபத்துக்குள் தண்ணீர் வந்தாச்சா, மண்டபம் மூழ்கிவிட்டதா என்று கேட்டே வண்ணாரப்பேட்டைக்காரர் வெள்ளத்தின் அளவைச் சொல்லிவிடுவார். 1992 நவம்பர் வெள்ளத்தையும் 2023-ஐயும் இன்றைக்கும் அப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். எந்தப் படி, எந்தத் தூண் என்று பெரியவர்களிடம் கேட்டு, அந்த உயரத்தைக் கடல்மட்டத்தோடு பொருத்தி எழுதிவைத்தால் நமக்குக் கூடுதலாகச் சில பத்தாண்டுகளின் பதிவு இலவசமாகக் கிடைக்கும்.

‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை இது, இனி நம் காலத்தில் வராது’ என்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் அதற்குப் பொருள். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டுகிற ஒருவருக்கு, அந்தக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அதைப் பார்க்கிற வாய்ப்பு நாலில் ஒன்றுக்கும் சற்று மேல். அதுவும் கடந்தகால மழை மாதிரியே வருங்கால மழையும் இருக்கும் என்று வைத்துக்கொண்டால். கடல் சூடாகிக்கொண்டிருக்கும்போது அப்படி வைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆற்றின் மேல்பகுதியில் உள்ள கன்னடியன் அணைக்கட்டின் கால்வாயிலிருந்து எம்.எல். தேரி வரை போகிற வெள்ளநீர்க் கால்வாய் இப்போது இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம்தான். சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் கிணறுகளில் ஊறுகிற நீருக்கு அதைக் குறை சொல்ல மாட்டேன். விநாடிக்கு 3,200 கன அடி கொண்டுபோகும் அந்தக் கால்வாய், கன்னடியனுக்குக் கீழே பெய்கிற மழையில் ஒரு சொட்டையும் எடுக்காது. காயலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 2023-ல் மழை விழுந்தது அங்கேதான். கடம்பா குளத்துக்கோ கோரம்பள்ளத்துக்கோ அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆகவே வரும் ஐப்பசிக்குள் இதைச் செய்ய முடியுமா என்று பாருங்கள். எல்லாக் குளத்திலும் ஒரே நேரத்தில் வேண்டாம். வடகாலில் கோரம்பள்ளத்தையும் அதற்கு மேலே உள்ள குளங்களையும், தென்கரையில் கடம்பா குளத்தையும் அதிலிருந்து மறுகால் போகிற குளங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். கலுங்கின் நீளம், கரையின் உச்சிமட்டம், நிரம்பும் மட்டம் மூன்றையும் புதிதாக அளந்து, அளவுகோல் நட்டுவிடுங்கள். கரிசலிலிருந்து கோரம்பள்ளத்துக்கு இறங்குகிற ஓடைகளில் இரண்டு பாலங்களைத் தேர்ந்து தூண்களில் மட்டம் எழுதுங்கள். அணைகளின் வரத்தும் திறப்பும் காலை ஒருமுறை மட்டும் போதாது, மழை நாட்களில் மணிக்கு ஒருமுறை வெளியாகட்டும். பழைய கதவுத் திறப்புப் பதிவேடுகள், ஈரத்தில் மக்குகிறவை, படமெடுத்துப் பொதுவில் வைக்கப்படட்டும். அவற்றில் தவறுகள் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதைக் காட்டி யாரையும் கூண்டில் ஏற்றப்போவதில்லை. தவறான எண்ணைத் திருத்திக்கொள்ள எங்களுக்கு வழி உண்டு. எழுதப்படாத எண்ணை என்ன செய்வது?

ஆள் பற்றாக்குறை உங்களுக்கு இருக்கிறது என்பதும் தெரியும். பல குளங்களுக்கு ஒரு லஸ்கர் என்ற நிலையில் மணிக்கு ஒருமுறை படமெடு என்று சொல்வது எளிது, செய்கிறவருக்குத்தான் அதன் கஷ்டம். பாசன விவசாயிகள் சங்கத்தில் மறுகாலுக்குப் பக்கத்தில் வயல் வைத்திருப்பவர் ஒருவரை ஒவ்வொரு குளத்துக்கும் பிடிக்கலாம், மழை மாதங்களுக்குச் சின்னதாக ஒரு தொகை கொடுத்து. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் உள்ள பொறியியல் கல்லூரி மாணவர்கள் மட்டம் பார்க்கும் கருவியோடு வருவார்கள், அழைத்துவருவது என் பொறுப்பு. எந்தக் குளத்தில் தொடங்கலாம், எந்த வாரம் குளம் வற்றியிருக்கும் என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். கலுங்கை அளக்க நீர் இறங்கியிருக்கும் ஆனி, ஆடிதான் வசதி.

இப்படிக்கு,
தாமிரபரணி நீர்ப்பிடிப்பில் வேலை செய்யும் ஒரு நீரியல் ஆய்வாளன்